செயலின் பெயரும் பிறப்பின் பெயரும்: ‘டெல்லி கிரைம்’ தொடரின் காவல்துறை மொழியும் தமிழ்ப் பெயர்ப்பும்

1. முன்னுரை

புதுதில்லியில் மந்திர் மார்க் என்னும் சாலை உள்ளது. ஆங்கிலேயர் ஆட்சியில் ரீடிங் பிரபுவின் பெயரால் ரீடிங் ரோடு எனப்பட்ட இச்சாலை, 1939இல் காந்தியடிகள் திறந்துவைத்த இலட்சுமி நாராயணர் கோயிலையொட்டி இன்றைய பெயரைப் பெற்றது. வங்காளியரின் காளி பாரியும், தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளியும், தில்லிக் காவல்துறையின் நிலையம் ஒன்றும் இச்சாலையில் அமைந்துள்ளன. தில்லித் தமிழர் இதனைக் ‘கோயில் சாலை’ எனப் பெயர்ப்பதில்லை. மந்திர் மார்க் என்றே வழங்குகின்றனர். இடப்பெயரைப் பெயர்க்காது விடுவதால் எவருக்கும் இழப்பில்லை. ஆனால் அச்சாலையில் உள்ளது போன்ற ஒரு காவல் நிலையத்தினுள் மனிதருக்கு இடப்படும் பெயர் அத்தன்மையதன்று. அப்பெயர் பதிவேட்டில் ஏறுகிறது, செய்தித்தாளில் வருகிறது, பெயர்ப்பின் வழியே பிற மொழிகளுக்கும் செல்கிறது.

தலைநகரின் காவல்துறையைக் களமாகக் கொண்ட ‘டெல்லி கிரைம்’ என்னும் குற்றத் தொடரின் இரண்டாம் பருவம், இவ்வாறு பெயரிடுதலையே தன் கதைச் சிக்கலாகக் கொண்டுள்ளது. அதில் ஐயத்தின்பேரில் ஒரு பிரிவு மக்கள் திரட்டிக் கொண்டுவரப்படும் பகுதியை மையமாகக் கொண்டு, அதன் சொல்லாட்சியையும், அதனைத் தமிழில் பெயர்க்குங்கால் எழும் சிக்கல்களையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

2. தொடரும் அதன் சிக்கலும்

2.1 ரிச்சி மேத்தா இயக்கிய முதற்பருவம் 2019 மார்ச்சுத் திங்களில் நெட்ஃபிளிக்ஸ் தளத்தில் வெளிவந்தது. 2012 திசம்பரில் தில்லியில் நிகழ்ந்த கூட்டுப் பாலியல் வன்கொடுமை வழக்கின் புலனாய்வை அடிப்படையாகக் கொண்ட அப்பருவம், 2020இல் சிறந்த நாடகத் தொடருக்கான பன்னாட்டு எம்மி விருதைப் பெற்றது. தனுஜ் சோப்ரா இயக்கிய இரண்டாம் பருவம் ஐந்து பகுதிகளாக 2022 ஆகத்து 26இல் வெளிவந்தது. தில்லிக் காவல்துறையின் முன்னாள் ஆணையர் நீரஜ் குமார் எழுதிய ‘காக்கி ஃபைல்ஸ்’ என்னும் நூலின் ஓர் இயல் இதற்கு அடிப்படை. இரு பருவங்களிலும் வர்திகா சதுர்வேதி என்னும் காவல் துணை ஆணையராக ஷெஃபாலி ஷா நடித்துள்ளார்.

2.2 இரண்டாம் பருவத்தின் கதை சிக்கனமானது. தில்லியில் வசதி படைத்த முதியோர் தம் இல்லங்களிலேயே கொடிய முறையில் கொல்லப்படுகின்றனர். உள்ளாடை மட்டும் அணிந்து, உடலில் எண்ணெய் பூசிக்கொண்டு வருபவர்களின் செயல்முறை, முன்னர் வடநாட்டில் அச்சத்தை விளைவித்த ‘கச்சா பனியன்’ கும்பலின் முறையை ஒத்துள்ளது. மேலிடத்தின் நெருக்குதல் மிகுகிறது. அக்கும்பல்களை நன்கறிந்தவர் எனக் கருதப்படும் ஓய்வுபெற்ற அலுவலர் ஒருவரின் உதவி நாடப்படுகிறது. அவரது அறிவுரையின் வழியே சீர்மரபினக் குடியிருப்புகளிலிருந்து மக்கள் திரட்டிக் கொண்டுவரப்படுகின்றனர். பின்னர்க் கொலையாளிகள் வேறு எனவும், அவர்கள் அப்பழைய முறையைப் போலச் செய்தவர்கள் எனவும் தெரியவருகிறது.

2.3 கதையின் தீர்வு ஒரு பொருண்மையியல் வாதமாகவும் அமைந்துள்ளமை நோக்கத்தக்கது. ‘கச்சா பனியன்’ என்பது உடையால் வந்த ஆகுபெயர், செய்யும் முறையைக் குறிப்பது, பிறப்பைக் குறிப்பதன்று. ஓய்வுபெற்ற அலுவலரின் சிந்தனையில் இச்செயற்பெயர் சிறிது சிறிதாகப் பிறப்புப் பெயராக மாறுகிறது. இம்முறையில் கொல்பவர் இன்ன கும்பலைச் சார்ந்தவர், இன்ன கும்பலைச் சார்ந்தவர் இன்ன மரபில் பிறந்தவர், ஆகவே இம்மரபில் பிறந்தவர் அனைவரும் ஐயத்திற்குரியவர் என்பது அவர் செல்லும் வழி. செயலைப் பிறர் போலச் செய்ய இயலும். பிறப்பைப் போலச் செய்ய இயலாது. உண்மைக் கொலையாளிகள் முறையை மட்டும் இரவல் பெற்றவர்கள் என்று காட்டுவதன் மூலம் கதை இவ்விணைப்பை அறுக்கிறது. எனவே செயலின் பெயரையும் பிறப்பின் பெயரையும் பெயர்ப்பாளர் கலந்துவிடின், கதை அறுத்த முடிச்சைப் பெயர்ப்பு மீண்டும் போட்டுவிடும்.

2.4 இக்கலப்பு தமிழ்த் திரைக்குப் புதிதன்று. 2017இல் வெளிவந்த ‘தீரன் அதிகாரம் ஒன்று’ திரைப்படம், நெடுஞ்சாலையோர வீடுகளில் கொள்ளையடித்த வடநாட்டுக் கும்பலைத் தமிழகக் காவல்துறை பிடித்த உண்மை நிகழ்வைத் தழுவியது. அந்நடவடிக்கை ‘பவாரியா’ என்னும் பெயரால் அறியப்பட்டது. பவாரியா என்பது பல மாநிலங்களில் வாழும் ஒரு சமூகத்தின் பெயர். அதன் மக்களுள் பெரும்பாலோர் எந்தக் கொள்ளையோடும் தொடர்பற்றவர்கள். அப்பெயரைத் தமிழ்ச் செவி முதன்முறையாகக் கேட்டது ஒரு கும்பலின் பெயராகவே. மாற்றுப்பொருள் அறியாத மொழியில் அயற்சொல் எப்பொருளில் நுழைகிறதோ அப்பொருளிலேயே நிலைத்துவிடுதல் கடன்பேற்றின் இயல்பு. எனவே இனப்பெயரை ஒலிபெயர்த்து விடுவது நடுநிலையான செயலென்று கொள்ளுதற்கில்லை.

3. காவல் நிலையத்தின் மொழி

3.1 தொடரின் உரையாடலில் மூன்று அடுக்குகள் உள்ளன. உயர் அலுவலர் தமக்குள் பேசும் ஆங்கிலங்கலந்த இந்தி ஒன்று. காவலரும் உதவி ஆய்வாளரும் பேசும் அன்றாடத் தில்லி இந்தி மற்றொன்று. நிலையத்திற்கே உரிய பாரசீக, அரபுச் சொற்கள் மிடைந்த துறைமொழி மூன்றாவது. காவல் நிலையம் ‘தானா’, புலனாய்வு ‘தஃப்தீஷ்’, அன்றாடப் பதிவேடு ‘ரோஜ்நாம்சா’ என வழங்குதல் இம்மூன்றாம் அடுக்கைச் சாரும்.

3.2 இத்துறைமொழி பொதுமக்களுக்கு விளங்காமை நீதிமன்றம் வரை சென்ற செய்தி. முதல் தகவல் அறிக்கைகளில் பொருளறியாது பழகிப்போன உருது, பாரசீகச் சொற்களைத் தவிர்த்து, முறையீடு செய்பவரின் சொற்களிலேயே எளிய மொழியில் எழுதவேண்டும் எனத் தில்லி உயர் நீதிமன்றம் 2019இல் அறிவுறுத்தியது. தவிர்க்கத்தக்கனவாக 383 சொற்களைக் கொண்ட பட்டியல் ஒன்றையும் காவல்துறை வெளியிட்டது. 2024 சூலை 1ஆம் நாள் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவும், அதற்கு முன்னிருந்த சட்டத்தின் 154ஆம் பிரிவைப் போன்றே, வாய்மொழியாகத் தரப்படும் தகவலை எழுதித் தகவல் தந்தவருக்குப் படித்துக்காட்டிக் கையொப்பம் பெறவேண்டும் என்கிறது. படித்துக்காட்டப்படுவது கேட்பவருக்கு விளங்காத மொழியில் இருப்பின் அக்கையொப்பத்திற்குப் பொருள் யாது என்னும் வினா, மந்திர் மார்க்கில் முறையீடு தரும் தமிழருக்கும், தென்னகத்தில் முறையீடு தரும் வடபுலத் தொழிலாளருக்கும் பொதுவானது. குண்டூரில் தெலுங்கறியாத தமிழ்த் தொழிலாளர் காவலில் வதைபடுவதைக் காட்டிய வெற்றிமாறனின் ‘விசாரணை’ திரைப்படம் (2015) இவ்வினாவையே கதையாக்கியது.

3.3 இம்மூன்றாம் அடுக்கைப் பெயர்க்கையில், ஆட்சித்தமிழ்ச் சொற்களை மட்டும் கைக்கொள்வது தமிழ்ப் பெயர்ப்பாளரின் பொது வழக்கு. அதன் விளைவாகத் தலைமைக் காவலரும் சட்டப் பேராசிரியரும் ஒரே தமிழைப் பேசுவர். ஆயின், இந்தித் துறைமொழிக்கு மூலமான அதே பாரசீக, அரபுச் சொற்களஞ்சியம் நவாபு ஆட்சியின் வழியாகவும் கும்பினியார் ஆட்சியின் வழியாகவும் தமிழிலும் புகுந்துள்ளது. பிராது, வாய்தா, ஜாமீன், கைதி, முச்சலிக்கா என்பன இன்றும் பேச்சில் உயிர்ப்புடன் உள்ளன. ‘தானா’ என்னும் சொல்லே ‘டாணா’ எனத் தமிழாகிக் காவலரை ‘டாணாக்காரன்’ என வழங்கச் செய்தது. 2022இல் வெளிவந்த திரைப்படம் ஒன்று அப்பெயரையே தாங்கி வந்தது. ஆகவே முதிய காவலர் ஒருவரின் வாய்மொழியாக வருமிடத்து ‘முறையீடு’ என்பதினும் ‘பிராது’ என்பதே மூலத்தின் நடையடுக்கை நெருங்கிநிற்கும். தூய்மை நோக்கில் இதனை மறுப்போர் உளர் எனினும், பாத்திரத்தின் மொழியைத் திருத்துதல் பெயர்ப்பாளரின் பணியன்று.

4. ஐயம், குற்றச்சாட்டு, தீர்ப்பு

4.1 குற்றத் தொடரின் பெயர்ப்பில் மிகுதியும் பிழைபடுவது காவலில் இருப்பவரைக் குறிக்கும் சொல்லே. இந்தியில் குற்றஞ்சாட்டப்பட்டவர் ‘முல்ஜிம்’. குற்றம் உறுதிப்பட்டவர் ‘முஜ்ரிம்’. ஒலியில் அணுக்கமும் பொருளில் வேறுபாடும் உடைய இவ்விணையை இந்தி பேசுவோரே சிலவேளை மயங்குவர். தமிழில் இம்மயக்கம் இன்னும் மிகுதி. பேச்சிலும் செய்தித் தலைப்பிலும் ‘குற்றவாளி பிடிபட்டார்’ என்பது, எந்த நீதிமன்றமும் எதுவும் கூறுவதற்கு முன்னரே எழுதப்பட்டுவிடுகிறது.

4.2 தமிழகக் குற்றவியல் நீதிமன்றங்கள் குற்றஞ்சாட்டப்பட்டவரை ‘எதிரி’ என வழங்குகின்றன. முதல் எதிரி, இரண்டாம் எதிரி என எண்ணுமுறையும் உண்டு. துறைக்குள் இது வழக்கின் மறுதரப்பினர் என்னும் அளவில் நிற்கும் கலைச்சொல். துறைக்குப் புறத்தே, திரையின் முன் அமர்ந்திருப்பவர் செவியில், அது பகைவன் என்றே ஒலிக்கும். இலங்கைத் தமிழில் நிலைபெற்றுள்ள ‘சந்தேகநபர்’ என்னும் சொல் தொடக்க நிலைக்கு மிகவும் ஏற்றது. செய்தி வழக்கிலும் எளிதாக ஆளப்படுவது. தமிழகப் பெயர்ப்பாளர் இதனைத் தயங்காது ஏற்கலாம்.

4.3 ஆராயப்படும் பகுதியில் இவ்வேறுபாடு கதையின் உயிர்நாடி. கொண்டுவரப்படுவோர் மீது முதலில் உள்ளது ஐயம் மட்டுமே. மேலிடத்தின் நெருக்குதலால் அவ்வையம் ஊடகத்தின் முன் தீர்வாகவே வைக்கப்படுகிறது. சந்தேகநபர், குற்றஞ்சாட்டப்பட்டவர், குற்றவாளி என்னும் மூன்று படிகளில் ஒவ்வொன்றும் எப்பொழுது, எவர் வாயால், எவ்வாறு தாவப்படுகிறது என்பதே காட்சியின் நாடகம். மூன்றிற்கும் ‘குற்றவாளி’ என்னும் ஒரே சொல்லை இட்டால், தாவுவதற்குப் படியே இல்லாமற் போகிறது. பார்வையாளர் காவல்துறையின் தவற்றைக் காண்பதற்கு மாறாக அதில் பங்கு பெறுகின்றனர்.

5. முன்னிலைச் சொற்கள்

5.1 இந்தியின் ‘ஆப்’, ‘தும்’, ‘தூ’ என்னும் மூவகை முன்னிலையும் தொடரின் அதிகார உறவுகளைத் துல்லியமாக வரைகின்றன. பெண் உயர் அலுவலரை ‘மேடம் சார்’ என விளிக்கும் வழக்கு, பதவிக்குரிய மரியாதைச் சொல் ஆண்பாலிலேயே உறைந்துள்ளமையைக் காட்டுவது. மறுமுனையில், விசாரணைக்குக் கொண்டுவரப்படும் ஏழை ‘தூ’ என்னும் விளிக்குரியவனாகிறான். பட்டியலில் பெயர் ஏறுவதற்கு முன்னரே பிரதிப்பெயர் தீர்ப்புக் கூறிவிடுகிறது எனலாம்.

5.2 ஆங்கிலத் துணையுரையில் இவை அனைத்தும் ஒரே சொல்லாகச் சுருங்கிவிடுகின்றன. எனவே ஆங்கில வடிவத்தை இடைமொழியாகக் கொள்ளும் தமிழ்ப் பெயர்ப்பாளர் மூலத்தின் ஏற்றத்தாழ்வை ஊகித்தறிய வேண்டியவராகிறார். தமிழில் ‘நீங்கள்’, ‘நீ’ என்னும் இரண்டே நிலைகள் இருப்பினும், ‘டா’, ‘டி’ என்னும் ஒட்டுகள் மூன்றாம் நிலையைத் தருகின்றன. ‘தூ’ என்பதை ‘நீ’ என்று மட்டும் பெயர்ப்பது இழிவை மறைக்கும்; எல்லா இடத்தும் ‘டா’ சேர்ப்பது நட்பையும் இழிவாக்கும். சினத்தில் ஒருமைக்கு இறங்குவதும், தவறு உணர்ந்தபின் பன்மைக்கு ஏறுவதும் தமிழில் இயல்பாகவே புலப்படுத்தத்தக்கவை. காவலில் இருந்தவர் குற்றமற்றவர் எனத் தெரிந்தபின் எவரேனும் அவரை ‘நீங்கள்’ என்கின்றனரா என்பது பெயர்ப்பாளர் ஒவ்வொரு காட்சியிலும் எழுப்பிக்கொள்ள வேண்டிய வினா.

6. பிறப்பின் பெயர்

6.1 இப்பகுதியின் மையச்சொல், சட்டத்தால் குற்றமரபினர் என அறிவிக்கப்பட்டுப் பின்னர் அவ்வறிவிப்பு நீக்கப்பட்ட மக்களைக் குறிக்கும் சொல்லாகும். 1871இல் இயற்றப்பட்ட குற்ற மரபினர் சட்டம் முதலில் வடபுலத்தில் நடைமுறைக்கு வந்தது. 1911ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே சென்னை மாகாணத்திற்கும் நீண்டது. கைரேகைப் பதிவும், இரவில் காவல் நிலையத்தில் முன்னிலையாகும் கட்டாயமும், ஊர்விட்டு ஊர் செல்ல அனுமதிச் சீட்டும் ஒரு குழந்தைக்குப் பிறப்பாலேயே வந்து சேர்ந்தன. இதனை எதிர்த்து 1920 ஏப்ரல் 3இல் மதுரை மாவட்டப் பெருங்காமநல்லூரில் திரண்ட மக்கள் சுட்டுக்கொல்லப்பட்டனர். சென்னை மாகாணத்தில் 1947இலும், நாடு முழுமைக்கும் 1952 ஆகத்து 31இலும் அச்சட்டம் நீக்கப்பட்டது. வழக்கமான குற்றவாளிகளைப் பற்றிய சட்டங்கள் பல மாநிலங்களில் அதன் இடத்திற்கு வந்தன. ‘கேடி’ என்னும் தமிழ் வசைச்சொல், காவல் பதிவேட்டில் இருந்த ஆங்கில எழுத்துச் சுருக்கத்தின் திரிபு என்பது பரவலாகக் கூறப்படும் விளக்கம். பதிவேட்டின் சொல் வீட்டின் சொல்லாகும் வழி இது.

6.2 சட்டம் நீக்கப்பட்டபின் இம்மக்களைக் குறிக்க மூன்று மொழிகள் மூன்று வகைச் சொற்களைப் படைத்தன. ஆங்கிலச் சொல், ‘அறிவிக்கப்பட்டவர்’ என்பதன் முன் எதிர்மறை முன்னொட்டை இட்டு அமைந்தது. அறிவிப்பு இருந்ததையும் அது நீங்கியதையும் ஒருங்கே கூறுவது. இந்தியின் ‘விமுக்த’ என்பது விடுவிக்கப்பட்டவர் எனப் பொருள்படும். கட்டு இருந்தது என்பது அதில் உள்ளுறை. தமிழின் ‘சீர்மரபினர்’ மட்டுமே வேறு வழியில் சென்றது.

6.3 சீர் + மரபினர் எனப் பிரியும் இத்தொகையில் ‘சீர்’ என்பதற்குச் சிறப்பு எனப் பொருள் கொள்ளின், பழைய இழிவுக்கு மாற்றாக உயர்வைச் சுட்டும் மங்கல வழக்காகிறது. சீர்திருந்திய என விரிக்கின், வினைமுதல் மாறிவிடுகிறது. திருந்தியது எது? ஆங்கிலத்திலும் இந்தியிலும் மாறியது அரசின் சட்டம். இவ்விரிவின்படி தமிழில் மாறியது மக்களின் மரபு. ஒரு காலத்தில் குற்றம் அம்மரபிலேயே இருந்தது, இன்று அது சீர்பட்டது என்னும் குறிப்பு நல்லெண்ணத்துடன் ஆக்கப்பட்ட சொல்லினுள் அமர்ந்திருக்கிறது. சொல்லாக்கியோர் இதனைக் கருதியிருக்க வேண்டும் என்பதில்லை. ஆயினும் கேட்போர் இரண்டாம் விரிவைக் கொள்வதைச் சொல்லின் அமைப்பு தடுக்கவில்லை.

6.4 பெயர் வெறும் சொல்லன்று என்பதைத் தமிழகத்தின் பட்டறிவே உணர்த்தும். 1979இல் அரசாணை ஒன்றின் வழியே இம்மக்கள் ‘பழங்குடியினர்’ என்னும் நிலையிலிருந்து ‘வகுப்பினர்’ என மாற்றிக் குறிக்கப்பட்டனர். நெடிய கோரிக்கைக்குப் பின்னர், 2019இல் 68 சமூகத்தவருக்கு நடுவணரசின் நலத்திட்டங்களின் பொருட்டுப் பழங்குடி என்னும் பெயர் மீட்டளிக்கப்பட்டது. ஒரு பின்னொட்டுப் பெயருக்காக மக்கள் நாற்பதாண்டுகள் போராட நேர்ந்தது.

6.5 தொடரைப் பெயர்ப்பவர்முன் இரு சொற்கள் உள்ளன: மக்கள் வழக்கில் உள்ள ‘குற்றப்பரம்பரை’, ஆட்சி வழக்கில் உள்ள ‘சீர்மரபினர்’. ஓய்வுபெற்ற அலுவலரின் இழிவுப் பேச்சிற்குச் ‘சீர்மரபினர்’ என இட்டால், அவரது பேச்சு அரசு அறிக்கையின் பணிவைப் பெற்றுவிடும். அவரது முன்முடிவு மறைந்துவிடும். வர்திகா போன்றோர் எச்சரிக்கையுடன் ஆளும் சொல்லுக்குக் ‘குற்றப்பரம்பரை’ என இட்டால், மறுப்பவரும் மறுக்கப்படுபவரும் ஒரே சொல்லைப் பேசுவர். ஆகவே ஒரு மூலச்சொல்லுக்கு ஒரு தமிழ்ச்சொல் என்னும் கலைச்சொல் நெறி இங்குப் பொருந்தாது. அறிவியல் நூலில் சீர்மை வேண்டும். நாடகத்தில் பேசுபவரின் நிலைப்பாடு பெயர்க்கப்பட வேண்டும். நடுநிலை தேவைப்படும் இடத்தில் ‘குற்றமரபினர் என முன்பு முத்திரையிடப்பட்டோர்’ என விரித்துரைப்பதும் தகும். முத்திரையிட்டவர் வேறு, இடப்பட்டவர் வேறு என்பதை அத்தொடர் காட்டிவிடுகிறது.

7. தொடரின் எல்லை

7.1 பிறப்பின்மேல் வைக்கும் ஐயத்தை மறுக்கும் துணிவு இத்தொடரின் பெருமை. எனினும் அதன் குறையும் மொழி சார்ந்ததே. திரட்டிக் கொண்டுவரப்படும் மக்கள் பேசும் நேரத்தினும் அவர்களைப் பற்றிப் பிறர் பேசும் நேரமே மிகுதி. அவர்களுக்காக வழக்குரைஞர் வாதிடுகிறார்; அலுவலர் வருந்துகிறார்; பார்வையாளரின் கவனம் பின்னர் உண்மைக் கொலையாளிகளை நோக்கிச் சென்றுவிடுகிறது. குற்றமற்றோரின் நிலை, அலுவலரின் மனச்சான்றைப் புலப்படுத்தும் கருவியாகச் சுருங்குகிறது. நரிக்குறவரின் வாக்ரிபோலி போன்று இச்சமூகத்தார் பலருக்குத் தனிமொழிகள் உண்டு. காவல்துறை மரபில் அத்தகைய மொழிகள் கள்வரின் மறைமொழியாகக் கருதப்பட்டு வந்தமையும் இங்கு நினையத்தக்கது.

7.2 இதற்கு மாற்றான எடுத்துக்காட்டு மேடையில் உண்டு. மேற்கு வங்கத்தின் புரூலியாவில் 1998இல் புதன் சபர் என்பவர் காவலில் இறந்தபின், அகமதாபாத்தின் சாரா சமூகத்து இளைஞர் அமைத்த புதன் நாடகக்குழு, ஐயத்திற்குரியவரெனப்பட்டோரே தம் கதையைத் தாமே கூறும் வழியைக் காட்டியது. அங்குக் காவலராக நடிப்பவரும் அச்சமூகத்தவரே. எனவே காவல் மொழி பகடியாக மாறி அதன் அச்சுறுத்தலை இழக்கிறது. தொலைக்காட்சித் தொடர் இன்னும் அந்நிலையை எய்தவில்லை.

7.3 சட்டத்துறை சில அடிகள் முன்சென்றுள்ளது. சிறைகளில் சாதிவழிப் பாகுபாடு குறித்து 2024 அக்டோபர் 3இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், சீர்மரபினரைப் பிறப்பால் குற்ற இயல்பினராகக் கருதும் சிறைவிதிகளை அரசமைப்புக்கு முரணானவை என்றது. விதிநூல்களிலிருந்து அவ்வாசகங்கள் நீங்கலாம்; பேச்சில் இருந்து நீங்குவதற்கு எழுத்தாளரும் பெயர்ப்பாளரும் துணைநிற்க வேண்டும்.

8. முடிவுரை

மேற்கூறியவற்றால் பெறப்படுவன பின்வருமாறு தொகுத்துரைக்கத்தக்கன. காவல் நிலையத் துறைமொழியைப் பெயர்க்கத் தமிழில் உள்ள பழைய கடன்சொற்கள் பயன்கொள்ளத்தக்கவை. சந்தேகநபர், குற்றஞ்சாட்டப்பட்டவர், குற்றவாளி என்னும் படிநிலைகள் எக்காரணம் கொண்டும் ஒன்றாக்கப்படுதல் கூடாது. உதட்டசைவுக்கு நீண்ட சொல் பொருந்தாதெனின் ‘பிடிபட்டவர்’ என்னும் எளிய சொல் போதும். முன்னிலைச் சொற்களுக்கு ஆங்கிலத் துணையுரையை நம்பாது மூல ஒலியைக் கேட்டல் வேண்டும். இனம் குறித்த சொற்களில் பேசுபவரின் நிலைப்பாடே பெயர்ப்பின் அளவுகோல்.

ஒரு கும்பலின் உடையும் ஒரு மக்களின் பிறப்பும் ஒரே பெயருக்குள் அடைபட்டதால் குற்றமற்றோர் காவலில் வைக்கப்பட்டனர் என்பதே இப்பகுதியின் கதை. கதையில் அப்பிழையைச் செய்தவர் ஓர் அலுவலர். அதே பிழையைத் தமிழ் உரையாடலில் மீண்டும் செய்யும் வாய்ப்பு, சொற்பட்டியலுடன் அமர்ந்திருக்கும் பெயர்ப்பாளர் ஒவ்வொருவருக்கும் உண்டு.